வீணை மீட்டிய இயக்குநர்

சென்னையில் பிறந்த எஸ். பாலசந்தர் (1927–1990), வீணை மேதையாகவும் திரைப்பட இயக்குநராகவும் விளங்கினார். பாடல், ஆடல், சண்டைக்காட்சி ஆகியன படத்திற்கு இன்றியமையாதன எனக் கருதப்பட்ட காலத்தில், அவை மூன்றுமின்றி 1954இல் ‘அந்த நாள்’ படத்தை உருவாக்கினார். அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ என்னும் ஜப்பானியப் படம் அதற்குத் தூண்டுகோலாயிற்று.

1943இல், சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசிய மறுநாள் கதை தொடங்குகிறது. துப்பாக்கி வெடிக்க, வானொலிப் பொறியாளன் ராஜன் இறந்து வீழ்கிறான். கொலையைப் பெரிதாக்கிக் காட்டாமல், ஐயத்திற்குரியோர் ஒவ்வொருவரின் மனத்தையும் படம் ஆராய்கிறது. அவன் நாட்டுக்கு இரண்டகம் செய்தவன் என்பதும், தடுக்க முயன்றவள் அன்பு மனைவியே என்பதும் இறுதியில் புலப்படுகின்றன. கொலைக்காட்சியைவிடக் கொலையின் காரணமே காண்போரை நடுங்கச் செய்கிறது. இசையையே வாழ்வாகக் கொண்டவர் பாடலைத் துறந்து பெற்ற வெற்றி இது.