அர்ச். தேவசகாயமும் யோபுவின் நம்பிக்கையும்



மரணம், தீர்வை, மோட்சம், நரகம் என்ற நான்கு முடிவுகளைப் பிரசங்கத்தில் சொன்னதும் பலருக்கு நடுக்கம் உண்டாகிறது. பயம் நல்லதுதான். ஆனால் அவற்றிலேயே ஆறுதல் கண்டவர் கன்னியாகுமரிச் சீமையின் குடும்பஸ்தர் ஒருவர்.

நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்டன், மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் உத்தியோகஸ்தர். அவருக்கு ஆடுமாடுகள் மடிந்தன, பயிரும் நஷ்டமாயிற்று. (மாடு செத்தால் வீடு என்னவாகும் என்பதை உத்திரமேரூர்ப் பக்கத்துக் குடியானவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.) மனமுடைந்திருந்தவருக்கு டச்சுக்காரத் தளபதி டிலனாய் யோபுவின் சரித்திரத்தைச் சொன்னார். சகலத்தையும் இழந்தும், கடைசி நாளில் இதே மாம்சத்தோடு எழுந்து சர்வேசுரனைக் காண்போமென்று நம்பியிருந்தவரல்லவா யோபு!

1745-ல் வடக்கன்குளத்தில் சேசு சபைப் புத்தாரி சுவாமியாரிடம் ஞானஸ்நானம் பெற்றார். இட்ட பெயர் லாசர், தமிழில் தேவசகாயம். கல்லறையினின்று எழுப்பப்பட்டவனின் பெயர்!

1749-ல் சிறைப்பட்டார். எருமைமேல் பின்னோக்கி உட்காரவைத்து ஊர் ஊராய்க் கொண்டுபோனார்கள். விலங்கும் அடியும் ஏறக்குறைய மூன்று வருஷம். ஒருநாள் வேதனையைத் தாங்குவோர் பலருண்டு. மூன்று வருஷம், விடியுந்தோறும் மறுபடி தாங்குவது வேறு காரியம். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சேவகர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். காட்டில் கிடந்த எலும்புகளை விசுவாசிகள் பொறுக்கியெடுத்து, கோட்டாறு அர்ச். சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

2022 மே 15-ல் பிரான்சிஸ் பாப்பானவர் அவருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் அளித்தார். அந்த எலும்புகள் இன்றும் கோட்டாற்றிலேயே சரீர உத்தானத்துக்குக் காத்திருக்கின்றன.