ரயிலில் பாடிய சிறுமி. வெள்ளைச் சேலையில் வாழ்ந்த இசையரசி
கே.பி.சுந்தராம்பாளை ரசிகர்கள் மறக்காதது ஏன்?

ஓடும் ரயிலில் ஒரு சிறுமி பாடிக்கொண்டு வருவாள். கேட்டவர்கள் காலணா, அரையணா கொடுப்பார்கள். அந்தக் காசில்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

அவள்தான் பிற்காலத்தில் "கொடுமுடி கோகிலம்" என்று பெயர் பெற்ற கே.பி.சுந்தராம்பாள்.

காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் 1908ல் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தை போய்விட்டார். தாயார் பாலாம்பாள் வறுமையோடு போராடிப் பிள்ளைகளை வளர்த்தார்.

தென்னிந்திய ரயில்வேயில் அதிகாரியாக இருந்தவர் நடேச அய்யர். நாடகப் பித்தர். அவர் காதில் இந்தக் குரல் விழுந்தது. சிறுமிக்கு நாடக மேடை கிடைத்தது.

முதலில் கிடைத்தது நல்லதங்காளின் மூத்த பிள்ளை வேஷம். பசியில் தவிக்கும் பிள்ளை! பசியை அறிந்த குழந்தைக்கு அதை நடிக்க யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

அப்போது மைக் கிடையாது. ஆனாலும் தரை டிக்கெட்டில் கடைசியில் இருப்பவருக்கும் ஓர் எழுத்துப் பிசகாமல் பாட்டு கேட்கும். ஆண் வேஷம் போட்டு ராஜபார்ட்டாகவும் வெளுத்துக் கட்டினார்.

கிட்டப்பாவுடன்...

1926ல் கொழும்பில் நாடகம். அங்கே செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவுடன் ஜோடி சேர்ந்தார். இருவர் குரலுக்கும் போட்டி! கூட்டம் அலைமோதியது. மறு ஆண்டே இருவரும் மணந்துகொண்டனர்.

கிட்டப்பா ஏற்கனவே மணமானவர். இந்த வாழ்க்கையிலும் மனக்கசப்பு வந்தது, பிரிவும் வந்தது. ஆனால் அம்மையாரின் அன்பு குறையவில்லை.

1933 டிசம்பர் 2ந் தேதி கிட்டப்பா காலமானார். முப்பது வயதைக்கூட எட்டவில்லை. அம்மையாருக்கு வயது 25.

அன்று உடுத்தியது வெள்ளைச் சேலை. நெற்றியில் திருநீறு. இனி எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார்.

ஒரு லட்சம் ரூபாய்

புகழின் உச்சியில் இருந்த நடிகை, காதலி வேஷமும் ராணி வேஷமும் வேண்டாம் என்றால் பிழைப்பு என்ன ஆகும்?

பட அதிபர் அசன்தாஸ் தேடி வந்தார். அவரைத் திருப்பி அனுப்ப எண்ணி, யாரும் கேட்காத தொகையாக ஒரு லட்சம் ரூபாய் கேட்டாராம் அம்மையார். அவரோ சம்மதித்துவிட்டார்!

"பக்த நந்தனார்" 1935ல் வெளிவந்தது. அதில் அம்மையார் ஏற்றது நந்தனார் வேஷம். ஜோடி இல்லை, சபதமும் கலையவில்லை.

பிறகு 1940ல் துறவி மணிமேகலை. 1953ல் ஜெமினியின் அவ்வையார். 1964ல் "பூம்புகார்" படத்தில் சமணத் துறவி கவுந்தி அடிகள். 1965ல் "திருவிளையாடல்" படத்தில், கோபித்துக்கொண்ட முருகனைச் சமாதானம் செய்யும் அவ்வை.

எல்லாமே துறவியும் மூதாட்டியும்தான்! கதாநாயகி வேஷத்தைத் துறந்தவருக்குத் தமிழ் மக்கள் பாட்டி ஸ்தானத்தைக் கொடுத்தார்கள். அவ்வையார் என்றால் இன்றும் பலர் மனக்கண்ணில் தெரிவது அவர் முகமே.

பதவியும் பட்டமும்

காங்கிரஸ் மேடைகளில் சத்தியமூர்த்தியுடன் சேர்ந்து தேசியப் பாடல்கள் பாடினார். சென்னை மேல்சபை உறுப்பினர் ஆனார். "துணைவன்" படப் பாடலுக்காக 1969ம் ஆண்டின் சிறந்த பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. 1970ல் பத்மஸ்ரீ பட்டம் வந்தது. அப்போதும் அதே வெள்ளைச் சேலை, அதே திருநீறு.

1980 செப்டம்பரில் அம்மையார் மறைந்தார். கிட்டப்பாவைப் பிரிந்து சுமார் 47 ஆண்டுகள். சபதம் கடைசி வரை நின்றது.

ஊரை விட்டு வந்து எங்கோ வேலை பார்க்கும் தமிழன் காதில், கிருத்திகையன்று கோவில் ஒலிபெருக்கியிலிருந்து அந்தக் குரல் விழுந்தால் போதும். கால் தானாக நிற்கும். அம்மா நினைவும் ஊர்த் திருவிழா நினைவும் சேர்ந்து வரும்.

அன்று ரயிலில் அந்தச் சிறுமி பாடியது ஒரு வேளைச் சோற்றுக்காக. அந்தக் குரல் இன்றும் எத்தனையோ பேர் மனப்பசியைத் தீர்த்துக்கொண்டிருக்கிறது.