தன்னையே களமாக்கியவர்

1896ஆம் ஆண்டு பம்பாய் நகரில் பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவியது. எலிகள் செத்து விழுந்தன. மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். ஈராண்டுகளில், ஓசூருக்கும் மத்திகிரிக்கும் அண்மையிலுள்ள பெங்களூரையும் அந்நோய் தாக்கியது. பெங்களூரிலும் கோவையிலும் உள்ள பிளேக் மாரியம்மன் கோவில்கள் அந்நாளைய அச்சத்தை இன்றும் நினைவூட்டுகின்றன. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் இல்லாத அக்காலத்தில் பிளேக் நோய்க்குத் தடுப்பூசி கண்டவர் வால்டெமர் ஹாஃப்கின்.

ஹாஃப்கின் 1860இல் ஒடெசா நகரில் பிறந்தார். யூதர் என்பதால் அங்கு உயர்பணி மறுக்கப்பட்டது. மதம் மாற மறுத்த அவர், பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் நூலகப் பணியாளராகச் சேர்ந்தார். 1892இல் காலரா தடுப்பூசியை உருவாக்கி, முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். மறு ஆண்டு இந்தியா வந்து, காலரா மிகுந்த கல்கத்தாவில் தொண்டாற்றினார்.

பிளேக் பரவியதும் அரசு அவரைப் பம்பாய்க்கு அழைத்தது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியின் சிறிய ஆய்வறையில், இறைச்சிச் சாற்றின்மீது நெய்த்துளிகளை மிதக்கவிட்டுப் பிளேக் கிருமிகளை வளர்த்தார். அவற்றைச் சூட்டினால் கொன்று தடுப்பூசியாக்கினார். 1897 ஜனவரி 10அன்று அதனையும் தாமே முதலில் ஏற்றார். பின்னரே பைகுல்லா சிறையில், விருப்பத்துடன் முன்வந்தோருக்குச் செலுத்தப்பட்டது.

1902இல் பஞ்சாபின் முல்கோவால் சிற்றூரில் தடுப்பூசி பெற்றோருள் 19 பேர் இசிவு நோயால் மாண்டனர். பழி ஹாஃப்கின்மீது விழுந்தது, அவர் பதவியிழந்தார். ஆனால், இறந்த அனைவரும் ஒரே குப்பியிலிருந்து மருந்து பெற்றவர்கள். குப்பியைத் திறக்கையில் தரையில் விழுந்த இடுக்கியை முறையாகத் தூய்மை செய்யாமல் பயன்படுத்தியிருந்தனர். ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர்கள் அவருக்காக வாதாடினர். 1907இல் களங்கம் நீங்கி, அவர் மீண்டும் இந்தியா வந்து பணியேற்றார். 1925இல் பம்பாய் ஆய்வகம் அவர் பெயரைப் பெற்றது. 1930இல் சுவிட்சர்லாந்தில் மறைந்தார்.

பிற்காலத்தில் வந்த நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் கோடிக்கணக்கானோரைக் காத்தன. எனினும், அவற்றை அளவின்றிப் பயன்படுத்தியதால் பல கிருமிகள் அவற்றை எதிர்த்து வாழும் வலிமை பெற்றுவிட்டன. நோயே வராமல் தடுப்பின், அம்மருந்துகளின் தேவை குறையும். மருந்துகளுக்கு எளிதில் கட்டுப்படாத டைபாய்டு பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் பரவியபோது, இந்தியாவில் உருவான தடுப்பூசி 2019இல் அங்குள்ள குழந்தைகளுக்குச் செலுத்தப்பட்டது. ஹாஃப்கின் நடந்த வழி இன்றும் தேவைப்படுகிறது.