பேசாப் படத்தால் பேசியவர்

நகை, அழுகை, அச்சம், வெகுளி முதலாக மெய்ப்பாடு எட்டு என்று வகுத்தார் தொல்காப்பியர். இவற்றை உணர்த்தச் சொல் வேண்டியதில்லை. முகமும் கையும் போதும். இந்த உண்மையையே மூலதனமாகக் கொண்டு வாழ்ந்து காட்டிய பெருமகன் ஒருவர் நம் கோவை மண்ணில் பிறந்தார். அவரே சாமிக்கண்ணு வின்சென்ட்.

1883-ஆம் ஆண்டு கோவையில் பிறந்த அவர், திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராகப் பணியாற்றினார். 1905-இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் சலனப்படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தார். உடல்நலம் குன்றித் தாயகம் திரும்ப எண்ணிய அவரிடமிருந்து, ஏறத்தாழ 2,000 ரூபாய்க்குப் படப்பொறியையும், ஏசுநாதர் வரலாறு உள்ளிட்ட படச்சுருள்களையும் வாங்கினார் வின்சென்ட். ரயில்வே வேலையை விட்டார். கூடாரத்தோடு ஊர் ஊராகப் புறப்பட்டார். என் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவன் நான். மாதச் சம்பளம் என்பது எங்களைப் போன்றோருக்கு எவ்வளவு பெரிய கனவு என்பதை அறிவேன். ஆதலால் அவரது துணிவு என்னை மலைக்க வைக்கிறது.

அந்தப் படங்களில் குரல் இல்லை. நடிகர் நெஞ்சில் அடித்துக்கொண்டால் துயரம், கைகூப்பினால் வேண்டுதல். எழுத்தறியாத உழவனுக்கும் அது விளங்கியது. மொழி குறுக்கே நிற்காததால், தமிழகத்தில் காட்டிய அதே சுருளை வடக்கே பெஷாவர் வரை கொண்டுசென்று காட்ட முடிந்தது.

1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை நிறுவினார். நாடோடிக் கூடாரம் கட்டடமாயிற்று. வெரைட்டி ஹால் சாலை என்னும் பெயர் அதற்குச் சான்று.

1931-இல் 'காளிதாஸ்' மூலம் தமிழ்த்திரை பேசத் தொடங்கியது. காலத்தை உணர்ந்த வின்சென்ட், 1933-இல் வெளிவந்த 'வள்ளி திருமணம்' என்னும் பேசும் படத்தின் தயாரிப்பில் ஈடுபட்டார். கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோ உருவானதிலும் அவருக்குப் பங்குண்டு. 1942-இல் மறைந்தார்.

பேச்சு வந்தபின் திரைப்படம் இனிமை பெற்றது. பாட்டும் வசனமும் பெற்றது. ஆயினும் ஒன்றை இழந்தது. மொழிக்கொரு படம், எல்லைக்கொரு படம் என்று அது பிரிந்தது. ஊமைப் படமோ எல்லோருக்கும் உறவாக இருந்தது. படித்தவர், படியாதவர் என்ற வேறுபாடு பாராமல் அந்த உறவை ஊர்தோறும் கொண்டுசென்றவர் நம் ஊர்க்காரர் என்பதில் கோவை மாணவர் நாம் பெருமை கொள்ளலாம்.