வலியே தெரியாவிட்டால் என்ன ஆகும்? உலகத்துக்குச் சொன்ன கொல்லிமலை டாக்டர் பால் பிராண்டின் கதை

காலில் முள் குத்தினால் கத்துகிறோம். சூடான டம்ளரைத் தொட்டால் கை தானாகவே பின்னால் வருகிறது. வலி என்றாலே வேண்டாத விருந்தாளி என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. ஒரு மாத்திரை போட்டு விரட்டிவிடத்தான் பார்க்கிறோம்.

ஆனால் அந்த வலியே தெரியாமல் போய்விட்டால்? விரல் போகும், பாதம் போகும், சிலருக்குக் கண்பார்வையும் போகும். வருடக்கணக்கில் நோயாளிகளின் கைகளையும் கால்களையும் ஆராய்ந்து இதை நிரூபித்தவர் டாக்டர் பால் பிராண்ட். சிறுவயதில் வளர்ந்தது நம்ம கொல்லிமலையில். தொழுநோய் சிகிச்சையின் போக்கையே மாற்றிய இவரது கண்டுபிடிப்பு, இன்று சர்க்கரை நோயாளிகளின் கால்களையும் காப்பாற்றி வருகிறது. யார் இவர்? என்ன செய்தார்?

கொல்லிமலைக்கு வந்தது எப்படி?

பால் பிராண்டின் அப்பா ஜெஸ்ஸி பிராண்ட், அம்மா ஈவ்லின். இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். 1913-ல் சேந்தமங்கலத்தில் திருமணம் செய்துகொண்டு மலைக்குக் குடிபோனார்கள். 1914 ஜூலை 17-ம் தேதி பால் பிறந்தார்.

இன்றைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறி கொல்லிமலைக்குப் போய்விடலாம். அன்று அந்தச் சாலை கிடையாது. நடந்து ஏற வேண்டும், இல்லையென்றால் டோலியில் தூக்கிச் செல்ல வேண்டும். மலையில் மலேரியா காய்ச்சல் அதிகம் என்பதால் கீழே இருந்தவர்கள் அங்கே போகவே பயந்தார்கள்.

ஜெஸ்ஸி முழு டாக்டர் இல்லை. வெப்ப மண்டல நோய்கள் பற்றி ஓராண்டு பயிற்சி பெற்றிருந்தார், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டே பல் பிடுங்கினார், கட்டிகளைக் கீறினார், நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி வெளியே எடுத்தார். புழு உடம்புக்குள் போவது குடிநீர் வழியாகத்தான் என்பதால், யாரும் தண்ணீரில் கால் வைக்க முடியாதபடி கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் கட்டவும் சொல்லிக் கொடுத்தார்.

இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்த சிறுவன் பாலுக்கு மருத்துவம் பிடிக்கவில்லை. சீழையும் ரத்தத்தையும் பார்த்து அருவருப்புதான் வந்தது. ஒருமுறை தொழுநோயாளிகள் சிலர் சிகிச்சைக்காக வந்தபோது, பிள்ளைகள் கிட்டே வரக்கூடாது என்று தள்ளி நிறுத்தப்பட்டார்கள். அந்தப் பயம் அவர் மனதில் ரொம்ப நாள் இருந்தது.

அப்பாவின் மரணம், கொத்தனார் வேலை

ஒன்பது வயதில், 1923-ல், படிப்புக்காக பாலை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அதன்பிறகு அப்பாவை அவர் பார்க்கவே இல்லை. 1929 ஜூனில் மலேரியாவின் கடுமையான வடிவமான கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்துபோனார். செய்தி தந்தியில் வந்துவிட்டது. ஆனால் அப்பா உயிரோடு இருந்தபோது எழுதிய கடிதங்கள் அதன்பிறகும் கப்பலில் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன.

பள்ளி முடித்ததும் பால் காலேஜ் போகவில்லை. தச்சு வேலை, கொத்து வேலை கற்றுக்கொண்டார். அப்பா மாதிரி மலைக்குப் போய் வீடு கட்டித் தரலாம் என்பது எண்ணம். அதற்காக ஒரு சின்ன மருத்துவப் பயிற்சிக்குப் போன இடத்தில்தான் மனசு மாறியது. லண்டனில் டாக்டருக்குப் படித்து, இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து காயம்பட்டவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்து தேறினார். உடன் படித்த மார்கரெட்டைத் திருமணம் செய்துகொண்டார். 1946-ல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு அழைப்பு வர, மீண்டும் தமிழ்நாடு வந்து சேர்ந்தார்.

செங்கல்பட்டில் என்ன நடந்தது?

1947-ல் செங்கல்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்கு பிராண்ட் போனார். அதை நடத்திவந்தவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன். அங்கே நோயாளிகளின் விரல்கள் பறவையின் நகம் மாதிரி உள்ளே மடங்கிக் கிடந்தன. பலருக்கு விரல்களே இல்லை.

அப்படி மடங்கிய கை கொண்ட ஒருவரிடம், தன் கையை அழுத்திப் பிடிக்கச் சொன்னார் பிராண்ட். செத்துப்போன கை, பிடி இருக்காது என்று நினைத்தார். அந்த நோயாளி பிடித்த பிடியில் பிராண்டுக்கு வலித்தது. அங்கேதான் பொறி தட்டியது. கை சாகவில்லை, சில தசைகள் மட்டும்தான் செயலிழந்திருக்கின்றன, மற்றவை நல்ல பலத்தோடு இருக்கின்றன.

காரணம் என்ன? தொழுநோய்க் கிருமிக்கு உடம்பில் குளிர்ச்சியான இடம்தான் பிடிக்கும். அதனால் தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகளை, குறிப்பாக முழங்கை, மணிக்கட்டு, கணுக்கால், முகம் ஆகிய இடங்களில் தாக்குகிறது. அந்த நரம்பை நம்பியிருக்கும் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கும். முன்கையின் பெரிய தசைகளுக்குப் போகும் நரம்புகள் ஆழத்தில் இருப்பதால் தப்பிவிடும்.

அப்படியென்றால் முன்கையில் நன்றாக வேலை செய்யும் தசையின் நாணை எடுத்து விரல்களில் இணைத்தால் என்ன? 1948-ல் வேலூரில் இந்த அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்த பிறகு, மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. சோறு பிசைந்து சாப்பிட முடியாமல் இருந்தவர்கள் சாப்பிட்டார்கள்.

கை சரியானதும் வந்த புதுப் பிரச்சினை

இத்தோடு கதை முடிந்துவிடவில்லை. கை குணமானவர்கள் சிலர் திரும்பி வந்து குறை சொன்னார்கள். முன்பு மடங்கிய கையைப் பார்த்து பிச்சை போட்டார்கள், இப்போது அதுவும் போச்சு, வேலையும் யாரும் தரவில்லை என்றார்கள். தொழுநோய் வந்தவர் என்ற முத்திரை கை நிமிர்ந்தாலும் போகவில்லை.

பிராண்டுக்கு அப்போது கைகொடுத்தது பழைய தச்சு வேலை. சிஎம்சி வளாகத்தில் சின்னச் சின்ன மண் வீடுகளோடு, நவஜீவ நிலையம் என்ற புனர்வாழ்வு மையம் உருவானது. அங்கே நோயாளிகளுக்கு மரவேலை சொல்லிக் கொடுத்தார்.

அங்கேதான் பெரிய மர்மமும் அவிழ்ந்தது.

விரல்கள் எங்கே போகின்றன?

தொழுநோய் வந்தால் சதை அழுகி விரல் தானாக விழுந்துவிடும் என்பதுதான் அப்போதைய நம்பிக்கை. இன்றும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பிராண்ட் ஒவ்வொரு காயத்துக்கும் கணக்கு எடுக்க ஆரம்பித்தார். எந்தப் புண்ணானாலும் அது எப்படி வந்தது என்று கண்டுபிடிக்காமல் விடக்கூடாது என்பது விதி.

ஒருநாள் துருப்பிடித்த பூட்டை அவரால் திறக்க முடியவில்லை. ஒரு சிறுவன் வந்து சாவியை ஒரே திருகில் திருப்பினான். பார்த்தால், சாவி அவன் விரலை எலும்பு தெரியும் வரை கிழித்திருந்தது. அவனுக்கு எதுவுமே தெரியவில்லை.

இப்படியே ஒவ்வொன்றாகக் காரணங்கள் கிடைத்தன.

- சூடான பாத்திரத்தை வெறுங்கையால் பிடித்ததால் வந்த புண்
- சுத்தியல், ரம்பம் ஆகியவற்றின் கைப்பிடியை அளவுக்கு மீறி அழுத்தியதால் வந்த புண்
- செருப்புக்குள் இருந்த ஆணியோடு நாள் முழுக்க நடந்ததால் வந்த புண்

ஆனால் ஒரு விஷயம் மட்டும் புரியவில்லை. இரவு தூங்கப் போகும்போது இருந்த விரல் நுனி, காலையில் காணோம். ராத்திரி முழுக்க விழித்திருந்து பார்த்தபோது விடை கிடைத்தது. எலி! உணர்ச்சி இல்லாத விரலை எலி கடித்துத் தின்றிருக்கிறது, தூங்குபவர் எழவே இல்லை. அதன்பிறகு மையத்தை விட்டு வீட்டுக்குப் போகும் நோயாளிகள், கையோடு ஒரு பூனையையும் கொண்டுபோனார்கள்.

ஆக, கிருமி விரலைத் தின்னவில்லை. கிருமி அழித்தது நரம்பை. வலி என்ற காவல்காரன் போனதால், அன்றாட வேலைகளே விரல்களை அழித்தன. கண்ணுக்கும் இதே கதைதான். உணர்ச்சி இல்லாததால் இமை சிமிட்டுவதில்லை, கண் காய்ந்து பார்வை போகிறது. மெல்லுவதற்கு உதவும் தசையின் ஒரு பகுதியை இமையோடு இணைத்து, வாயை அசைத்தால் இமை மூடும்படி செய்யும் அறுவை சிகிச்சையும் வேலூரில் நடந்தது. கண் மருத்துவரான மார்கரெட் இதில் பெரிய பங்கு வகித்தார்.

ஒரு ராத்திரி வந்த பயம்

1950-களின் தொடக்கத்தில் ஒரு பயணத்தின்போது, லண்டனில் இரவு காலுறையைக் கழற்றிய பிராண்டுக்கு குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. தொழுநோய் தனக்கும் வந்துவிட்டது என்றே முடிவு செய்தார். மனைவி, பிள்ளைகள், வேலை என எல்லாவற்றையும் விட்டு விலக வேண்டியிருக்குமே என்று இரவெல்லாம் தூக்கம் இல்லை.

காலையில் மறுபடியும் ஊசியை இறக்கினார். சுரீர் என்று வலித்தது. ரயிலில் ஒரே பக்கமாக உட்கார்ந்து வந்ததில் நரம்பு அழுந்தி மரத்துப் போயிருந்தது, வேறொன்றும் இல்லை. வலித்ததற்காக அன்று அவர் சந்தோஷப்பட்ட மாதிரி வேறு எதற்கும் பட்டதில்லை.

செயற்கை வலி செய்ய முடிந்ததா?

1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், வலியையே கருவியில் கொண்டுவர முயன்றார். அழுத்தத்தை உணரும் கையுறை, காலுறை தயாரானது. அழுத்தம் அதிகமானால் முதலில் ஒலி எழும்பும். அதை நோயாளிகள் கண்டுகொள்ளவில்லை. சரி என்று, உடம்பில் உணர்ச்சி உள்ள இடத்தில் லேசான மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். அவசர வேலை என்றால் கருவியை அணைத்துவிட்டு வேலையை முடித்து, பிறகு ஆன் செய்துகொண்டார்கள். பல வருட உழைப்பு தோல்வியில் முடிந்தது. நாமே அணைக்க முடியாதபடி இருப்பதுதான் வலியின் பலம் என்பது அந்தத் தோல்வி தந்த பாடம்.

சர்க்கரை நோயாளிகளுக்கு என்ன தொடர்பு?

கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோயும் கால் நரம்புகளை மரத்துப்போக வைக்கும். அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைப் பார்த்த பிராண்டுக்கு, வேலூரில் பார்த்த அதே புண்கள் தெரிந்தன. சர்க்கரையால் சதை கெட்டுவிட்டது என்று கால்களை வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. நரம்பு மரத்த காலில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தமே முக்கியக் காரணம், அழுத்தத்தைக் குறைத்தால் புண் ஆறும் என்று அவர் காட்டினார். தொழுநோய்ப் புண்ணுக்குப் பயன்பட்ட, பாதத்தோடு ஒட்டியபடி போடும் மாவுக்கட்டு முறையை அங்கே பரவலாக்கினார். இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு டாக்டர்கள் பரிந்துரைக்கும் எம்.சி.ஆர். செருப்பின் மென்மையான ரப்பரும், வேலூரில் தொழுநோயாளிகளுக்காக அவர் செய்த பாதணிகளின் வழியில் வந்ததுதான்.

கடைசிக் காலம்

1960-ல் லாஸ்கர் விருது, 1961-ல் பிரிட்டன் அரசின் சிபிஇ விருது அவருக்குக் கிடைத்தன. 2003 ஜூலை 8-ம் தேதி, 88 வயதில், அமெரிக்காவின் சியாட்டிலில் பிராண்ட் காலமானார். அவரது அம்மா ஈவ்லின் கொல்லிமலையை மறக்கவே இல்லை. கணவர் இறந்த பிறகும் மலை மலையாக ஏறி மருந்து கொடுத்தவர், 1974-ல் 95 வயதில் இறந்தார். கணவரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே, கொல்லிமலை மண்ணில் அவரும் அடக்கம் செய்யப்பட்டார்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

- தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்து, அங்கே தொட்டால் உணர்ச்சி இல்லையென்றால் உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தொழுநோய்க்கு 6 அல்லது 12 மாத கூட்டு மருந்து சிகிச்சை இலவசம், முழுமையாகக் குணமாகும். சீக்கிரம் போனால் நரம்பும் தப்பும்.
- சர்க்கரை நோய் இருந்தால் தினமும் பாதத்தின் அடியையும் விரல் இடுக்கையும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம்.
- செருப்பைப் போடும் முன் உள்ளே கல், ஆணி இருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். வெறுங்காலில் நடக்க வேண்டாம்.
- காலில் புண் இருக்கிறது, ஆனால் வலிக்கவே இல்லை என்றால் நிம்மதி அடையாதீர்கள். டாக்டரிடம் போக வேண்டிய நேரம் அதுதான்.