தட்டிக் கேட்ட மருத்துவர்

என் வலக்காதின் பின்னே பிறை வடிவில் ஒரு வடு உண்டு. முடி மறைப்பதால் விடுதி நண்பர்களும் அதை அறியார். கோலார் தங்கவயலில், நான்கு வயதில் நான் பெற்ற வடு அது. வாரக்கணக்கில் காதில் சீழ் வடிந்தது. சளி இறங்குகிறது என்று பாட்டி எண்ணெய் காய்ச்சி விட்டார். ஒருநாள் சீழ் நின்றது, வீடே மகிழ்ந்தது. மறுநாள் கடுங்காய்ச்சல், தலைவலி, வாந்தி. காதின் பின்புறம் வீங்கிச் செவிமடல் முன்தள்ளி நின்றது. மருத்துவர்கள் எலும்பைக் குடைந்து பார்த்தபோது சீழ் மூளையின் உறையைத் தொட்டிருந்ததாம்.

காதுக்கும் மூளைக்கும் இடையே இருப்பது மெல்லிய எலும்புத் தகடன்றோ! சீழ் அதை அரித்துக் கடப்பது அரிது. கடந்துவிட்டால், முற்காலத்தில் பிழைத்தோர் மிகச் சிலரே. அந்நிலையை மாற்றியவர் வில்லியம் மெக்யூவன்.

1848இல் ஸ்காட்லாந்தின் ராத்சே என்னும் ஊரில் பிறந்தவர். கிளாஸ்கோவில் மருத்துவம் பயின்று, லிஸ்டரின் கிருமிநீக்க வழியைக் கைக்கொண்டவர். 1876இல் நெற்றியில் அடிபட்ட சிறுவன் ஒருவனைக் கண்டார். உடற்குறிகளைக் கொண்டே மூளையில் சீழ் தங்கிய இடத்தைக் கணித்து, மண்டையைத் திறக்க இசைவு கேட்டார். கிடைக்கவில்லை. சிறுவன் இறந்தான். அதன் பின்னர், தாம் எண்ணியிருந்தவாறே திறந்து பார்த்தார். சொன்ன இடத்திலேயே சீழ் இருந்தது. அப்படியொரு வெற்றியை எவர்தாம் விரும்புவர்?

1893இல் வெளியிட்ட நூலில், மூளைச் சீழ்க்கட்டிக்காக அறுவை செய்த 19 பேருள் 18 பேர் பிழைத்ததைப் பதிந்தார். அவற்றுள் பல, காதுச் சீழால் விளைந்தவை. எக்ஸ் கதிரும் பெனிசிலினும் இல்லாத காலம் அது! காதுத் துளையின் மேற்புறத்தே, சற்றுப் பின்னால் எலும்பில் அவர் குறித்த சிறு முக்கோணம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

குழந்தையின் மண்டையை விரலால் தட்டி, ஒலி மாறுவதைக் கொண்டு உள்ளே அழுத்தம் பெருகியதை அவர் உணர்வார். இதைப் படித்தபோது தாத்தாவை நினைத்துக்கொண்டேன். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை தொடங்குமுன், தலைக்கு மேலுள்ள பாறையைக் கம்பியால் தட்டிப் பார்ப்பாராம். கணீரென்றால் வேலை, பொத்தென்றால் விலகல்.

மெக்யூவன் தம் போக்கிலேயே நடந்தவர். கால் வளைந்த குழந்தைகளின் எலும்பை வெட்டி நிமிர்த்தினார். முதல் உலகப் போரில் காலிழந்த வீரர்களுக்காகக் கப்பல் கட்டுவோரைக் கொண்டு செயற்கைக் கால்கள் செய்வித்தார். 1924இல் மறைந்தார்.

சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. தாத்தாவும் இல்லை. பாட்டி இருக்கிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளை காதைப் பிடித்துக்கொண்டு அழுதால் இப்போது எண்ணெய் காய்ச்ச எழுவதில்லை. முதலில் காதின் பின்புறத்தைத் தடவிப் பார்க்கிறார்.