ஆறு புள்ளிகளில் எழுத்துலகைத் திறந்த லூயி பிரெயில்

விரலால் தொட்டுப் படிக்கும் எழுத்துமுறையை உருவாக்கிய லூயி பிரெயிலின் பிறந்த நாளான ஜனவரி 4, உலக பிரெயில் தினமாக 2019 முதல் ஐ.நா. சார்பில் கடைப்பிடிக்கப்படுகிறது.

பிரான்ஸ் தலைநகர் பாரிஸுக்கு அருகே கூவ்ரே என்னும் சிற்றூரில் 1809-ஆம் ஆண்டு பிறந்தவர் பிரெயில். அவருடைய தந்தை குதிரைச் சேணம் செய்பவர். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் விளையாடியபோது கூரிய கருவி ஒன்று கண்ணில் பாய்ந்தது. நோய்த்தொற்று மற்றொரு கண்ணுக்கும் பரவியதால், ஐந்து வயதுக்குள் பார்வையை முழுவதுமாக இழந்தார்.

பத்து வயதில் பாரிஸில் உள்ள பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். வழக்கமான எழுத்துகளையே புடைப்பாக அச்சிட்ட சில நூல்கள் மட்டுமே அங்கு இருந்தன. அவை மிகுந்த கனமுடையவை. தடவிப் படிக்க நெடுநேரம் ஆனது. அந்த முறையில் மாணவர்கள் தாமாக எழுதுவதும் அரிது.

இந்நிலையில், ராணுவ அதிகாரி சார்லஸ் பார்பியர் வகுத்த 12 புள்ளிகள் கொண்ட குறியீட்டு முறை பள்ளிக்கு அறிமுகமானது. ஒரு குறியீடு விரல் நுனிக்குள் அடங்காததே அதன் குறை. பிரெயில் அதனை ஆறு புள்ளிகளாகச் சுருக்கி, 1824-இல், தமது 15-ஆவது வயதில், புதிய முறைக்கு வடிவம் தந்தார். அவற்றைக் கொண்டு 63 குறியீடுகளை அமைக்கலாம். எழுத்துடன் இசைக் குறியீடுகளையும் சேர்த்து 1829-இல் நூலாக வெளியிட்டார்.

பின்னர் அதே பள்ளியில் ஆசிரியரான போதும், அவரது முறைக்கு அங்கு அதிகாரபூர்வ ஏற்பு கிடைக்கவில்லை. பார்வையுள்ளோர் படிக்க இயலாத எழுத்து, பார்வையற்றோரைத் தனிமைப்படுத்தும் என்ற எண்ணம் நிலவியது. 1840-களில் பள்ளி நிர்வாகம் அதற்குத் தடை விதித்தது. மாணவர்களோ மறைவாகக் கற்றுவந்தனர்.

காசநோயால் 1852 ஜனவரி 6-ஆம் தேதி, 43-ஆவது வயதில் பிரெயில் காலமானார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகே பள்ளி அவரது முறையை முறைப்படி ஏற்றது. 15 வயது மாணவர் உருவாக்கிய எழுத்து, அவர் படித்த பள்ளியின் ஒப்புதலைப் பெற 30 ஆண்டுகள் ஆயின. பிரான்ஸின் பெருமக்கள் துயிலும் பாந்தியன் நினைவிடத்துக்கு அவரது உடல் 1952-இல் மாற்றப்பட்டது.

இந்தியாவில் மொழிக்கு மொழி வேறுபட்டிருந்த முறைகளுக்குப் பதிலாக, பாரதி பிரெயில் என்னும் பொதுமுறை 1951-இல் ஏற்கப்பட்டது. தமிழ் உள்ளிட்ட மொழிகள் இன்றும் அதே ஆறு புள்ளிகளில் எழுதப்படுகின்றன.